சக்கரத்துக்கு முன்னால் இருந்த கல்

பூவாயியின் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தது நீதான். நீ ஆணோ பெண்ணோ, பெரிய ஆளோ சின்ன ஆளோ, எனக்குக் கவலையில்லை. கல் தானாக எழுந்து நடந்து போகாது. எடுக்கும்போது உன் கண் எங்கே போயிருந்தது?

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பதில் சொல்.

கோடை வந்தால் மேல்காட்டில் ஊற்றெல்லாம் வற்றிவிடும். மிருகங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கூண்டு வண்டியில் ஏற்றி, தாங்களே இழுத்துக்கொண்டு கீழ்க்காட்டுக்கு இறங்கும். வழியில் ஆவாரங்குளத்தங்கரையில் தங்கல். முந்தி வந்தவர்கள் மேட்டில் சமதளமாகப் பார்த்து வண்டியை நிறுத்திக்கொள்வார்கள். பிந்தி வந்தவருக்குச் சரிவுதான்.

அன்று கடைசியாக வந்தவள் முள்ளம்பன்றி பூவாயி. ஒற்றை ஆளாக வண்டி இழுத்து வந்தாள். உள்ளே அவளுடைய இரண்டு குட்டிகளும் தூங்கிக்கொண்டிருந்தன. சரிவில் இறங்கும்போது நுகக்கயிறு பட்டென்று அறுந்தது. அவள் முதுகை வண்டிக்குக் கொடுத்துக்கொண்டே, பக்கத்தில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தள்ளிச் சக்கரத்துக்கு முன்னால் நிறுத்தினாள். வண்டி நின்றது.

கீழே குளம். அந்த இடத்தில் கரையோரமே ஆழம்.

மேட்டில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். நல்லவர்கள்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

“இந்தக் களிமண்ணுல கல்லு எவ்வளவு நேரம் நிக்குமோ. யாராவது வண்டியைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டா போதும். நான் கயிறை முடிஞ்சிருவேன்” என்றாள் பூவாயி.

“முடியறதா?” என்றான் கீரி காளிங்கன். “முடிஞ்ச கயிறு முடிஞ்ச இடத்துலயே மறுபடி அறும் மதினி. புதுசா திரிக்கணும். டேய் வெள்ளைச்சாமி, நார் இருக்கா?”

“நார் இருக்குண்ணே” என்றான் முயல் வெள்ளைச்சாமி. “ஆனா வண்டியை இந்தப் பக்கம் மூஞ்சி திருப்பி நிறுத்தினது தப்பு. முதல்ல அதைச் சரி பண்ணணும்.”

“நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்கய்யா” என்றாள் மந்தி ராக்காயி. “நடந்து வந்தவ முகத்தைப் பாருங்க, வாடிக் கிடக்கு. முதல்ல வயித்துக்கு எதாவது குடுக்கணும்.”

“எனக்குப் பசி இல்லக்கா. பிடிக்க ஒரு ஆள்...”

“கூச்சப்படாதே தங்கச்சி.”

பூவாயி கேட்டது ஒரே ஒரு உதவி. ஆனால் வண்டியைப் பிடிக்க வேண்டுமானால் அவளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் முதுகெல்லாம் முள். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

கடைசியாக உடும்பு ஒச்சப்பன் ஊர்ந்து வந்து சேர்ந்தான். “நான் பிடிக்கிறேன் தாயி. முள்ளு என் தோலை ஒண்ணும் பண்ணாது. பிடிச்சா விடவும் மாட்டேன்.”

“நீயா? நீ வண்டிகிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள குளமே வத்திப் போயிடும்” என்றான் காளிங்கன். “போய் விறகு பொறுக்கிட்டு வா, போ.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சப்பன் பூவாயியைப் பார்த்தான். பூவாயி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ராக்காயி அவள் கையில் தண்ணீர்ச் சுரைக்குடுவையைத் திணித்துவிட்டாள். ஒச்சப்பன் விறகுக்குப் போனான்.

கைக்காசு கொடுத்து வாங்குகிற பொருளாக இருந்தால், ‘இது வேண்டாம், அதை எடு’ என்று சத்தம் போட்டுச் சொல்லலாம். இனாமாக வருகிற உதவியிடம் அப்படிப் பேசினால் திமிர் பிடித்தவள் என்பார்கள். பூவாயி பேசாமல் தண்ணீரைக் குடித்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் வண்டி மக்கர் பண்ணி நிற்கிறவருக்கு மற்றவர்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வேண்டும். அதையும் தங்கள் அடுப்பில் காய்ச்சக் கூடாது. புதிதாகக் கல் கூட்டி, புதிதாக நெருப்பு மூட்ட வேண்டும். தன் அடுப்பிலிருந்து கொடுத்தால் மிச்சம் மீதியைக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம்.

ஆகவே ராக்காயி அடுப்புக்குக் கல் தேடினாள். அவள் மட்டும் நல்ல பெயர் வாங்கிவிடக் கூடாது என்று காளிங்கனும் தேடினான். இரண்டு பேர் தேடும்போது சும்மா நின்றால் என்ன நினைப்பார்களோ என்று வெள்ளைச்சாமியும் தேடினான். அது களிமண் கரை. கல் அருமை. மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் அங்கேயும் இங்கேயும் ஓடி, கண்ணில் பட்ட கல்லையெல்லாம், சுள்ளியையெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவருக்குக் கஞ்சி காய்ச்ச மூன்று அடுப்புகள் எரிந்தன.

பூவாயி அறுந்த கயிற்றை நுகத்திலிருந்து கழற்றிக்கொண்டு போய், வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவசர அவசரமாக முடிந்துகொண்டிருந்தாள். அப்போது வண்டி முனகியது. பிறகு உருண்டது.

“இழுங்க!” என்றான் காளிங்கன்.

“தள்ளுங்க” என்றான் வெள்ளைச்சாமி.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டே ராக்காயி கூண்டின் மேல்பாயைப் பிடித்து இழுத்தாள். பாய் மட்டும் அவள் கையோடு வந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. காளிங்கன் சக்கரத்தைப் பிடிக்கப் பாய்ந்து வெள்ளைச்சாமியின் காதைப் பிடித்தான். பூவாயி ஓடிப்போய்ச் சக்கரத்தின் ஆரக்காலைக் கட்டிக்கொண்டாள். வண்டி அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

விறகோடு வந்துகொண்டிருந்தான் ஒச்சப்பன். விறகைப் போட்டான். வண்டியின் பின்சட்டத்தில் வாயை வைத்துக் கவ்வினான். நான்கு கால் நகங்களையும் களிமண்ணில் இறக்கினான். நகம் மண்ணைக் கிழித்துக்கொண்டே போய், ஒரு வேரில் மாட்டி நின்றது.

வண்டியும் நின்றது. முன்பாதி தண்ணீரில். பின்பாதி கரையில். ஆரக்காலைப் பூவாயி பிடித்திருக்கிறாள், சட்டத்தை ஒச்சப்பன் பிடித்திருக்கிறான். யார் விட்டாலும் வண்டி குளத்துக்குள் போய்விடும். கூண்டின் வாசல் முன்பக்கம். வேறு யாராவது ஏறிக் குட்டிகளை எடுக்கலாம் என்றால், ஏறுகிற கனத்துக்கே வண்டி நழுவும்.

“முட்டுக் குடுத்திருந்த கல்லு எங்கே?” என்றாள் பூவாயி.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நான் என் கல்லையெல்லாம் அரசமரத்தடியில எடுத்தேன்” என்றான் காளிங்கன்.

“இங்க அரசமரம் ஏதுண்ணே?” என்றான் வெள்ளைச்சாமி.

“அப்ப புங்கமரம். மரத்தோட பேரா இப்ப முக்கியம்? நீ எங்க எடுத்தே?”

“நான் தண்ணி ஓரமா... இல்ல, அது விறகு. கல்லு... ராக்காயிக்காதான் வண்டிப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்தாங்க.”

“நான் சக்கரத்துக்குப் பக்கத்துல ஒண்ணு எடுத்தேன், வாஸ்தவம்” என்றாள் ராக்காயி. “ஆனா அது எந்தச் சக்கரம்? உன் வண்டிச் சக்கரமா, என் வண்டிச் சக்கரமா? எனக்கே ஒண்ணும் புரியலையே.”

மூவரும் தங்கள் அடுப்புகளைப் போய்ப் பார்த்தார்கள். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி கரி பிடித்துக் கிடந்தது. எது எங்கிருந்து வந்தது என்று எடுத்தவருக்கே தெரியவில்லை. அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

“எடுத்தது யாருன்னு நான் கேக்கல” என்றாள் பூவாயி. “எந்தக் கல்லா இருந்தாலும் சரி. ஒண்ணே ஒண்ணு கொண்டாந்து சக்கரத்துக்கு முன்னால போடுங்க. நான் புள்ளைகளை இறக்கிக்கிறேன்.”

“அது எப்படி மதினி?” என்றான் காளிங்கன். “நான் கொண்டாந்தா, எடுத்தது நான்தான்னு ஆயிடாதா? எடுத்தவங்க குடுக்கட்டும்.”

“நானும் அதைத்தான் சொல்றேன்” என்றான் வெள்ளைச்சாமி.

“என்கிட்ட குடுக்கக் கூடாதுன்னு இல்ல” என்றாள் ராக்காயி. “ஆனா கஞ்சி கொதிக்குது. இப்பக் கல்லை உருவினா பானை கவிழ்ந்துரும். உனக்காகத்தானே காய்ச்சறேன் தங்கச்சி? குடிச்சுட்டு நிதானமா பேசுவோம்.”

கூண்டுக்குள்ளே ஒரு குட்டி விழித்துக்கொண்டது. “அம்மா, ஏன் படுக்கை நனைஞ்சிருக்கு?”

“குளத்துக்கு வந்துட்டோம் கண்ணு. அசையாம படு.”

பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்: “ஒச்சப்பா, வலிக்குதா?”

ஒச்சப்பன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். வாயில்தான் வண்டி இருந்தது. கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தான்.

அவனுடைய நகத்தில் மாட்டியிருந்த வேர் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. மேட்டில் மூன்று பானைகளும் பொங்கின. யாருடைய கஞ்சியைப் பூவாயி முதலில் குடிக்க வேண்டும் என்று அங்கே பேச்சு ஆரம்பித்திருந்தது.

கேட்ட உதவியை விட்டுவிட்டுத் தனக்குத் தோன்றிய உதவியைச் செய்கிறவன், அதனால் வந்த கெடுதலைத் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவும் கூசினால், அவனுடைய நல்ல மனசால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே கல்லை எடுத்த ஆளே, உன் கஞ்சியும் வேண்டாம், உன் நல்ல பெயரும் வேண்டாம், பானை கவிழ்ந்தால் கவிழட்டும், அந்தக் கல்லைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் வை.