ஆவாரம்பூப் பொடி கருவண்டிடம் தாவிய கதை

ஆடும் செடியும் காற்றும் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையின் கணவாய்க்கு வெகுதூரம் கிழக்கே, நெடுங்கரடு என்ற மேட்டுக்காட்டில் உறுமி என்றொரு கருவண்டு இருந்தாள். பட்டுப்போன வேப்பங்கொம்பு ஒன்றைத் தன் பல்லாலேயே குடைந்து வீடு செய்திருந்தாள். தேனீக்களைப் போல அவளுக்குக் கூட்டம் கிடையாது. வீட்டைக் குடைவதும் பிள்ளைகளுக்கு உணவு சேர்ப்பதும் அவள் ஒருத்தியின் வேலைதான். சிறகை அடித்தால் உறுமி மேளத்தைக் குச்சியால் இழுத்தது போலச் சத்தம் வரும். பெயர் அதனால் வந்தது.

கரட்டின் சரிவில் ஆவாரை குடியிருந்தாள். மஞ்சள் மஞ்சளாகப் பூப்பாள். முன்னொரு சமயம் எறும்புகள் வந்து அவள் பூவிலிருந்த மகரந்தப் பொடியையெல்லாம் அள்ளிப் போய்விட்டதால், பொடியைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டு, நுனியில் ஊசி நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை வைத்துக்கொண்டாள். யார் வந்து தட்டினாலும் அந்தப் பைகள் திறக்காது. உறுமி பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓர் உறுமல் உறுமினால் மட்டும், பை அதிர்ந்து பொடி வெளியே வரும். அந்தப் பொடியைப் பிசைந்து உருண்டை பிடித்து, அதன்மேல் முட்டையிட்டு, மரத்தூளால் அறையை அடைப்பாள் உறுமி. பூவுக்குப் பூ அவள் போகும்போது உதிரும் கொஞ்சம் பொடியில் ஆவாரைக்குக் காய் பிடிக்கும். இருவருக்கும் அதில் குறை இல்லாமல் இருந்தது, ஆடி மாதம் வரும் வரை.

ஆடியில் மேற்கேயிருந்து மேல்காற்று வரும். சாரலையெல்லாம் மலையிலேயே இறக்கிவிட்டு, காய்ந்த காற்றாகக் கணவாயைத் தாண்டி வந்து மேட்டுக்காட்டைத் துடைத்தெடுக்கும். உறுமி உறுமுவாள், பை திறக்கும், பொடி வெளியே வரும், அவள் மேல் படுவதற்குள் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். போன ஆடியில் அவள் பிடித்த உருண்டைகள் மிளகளவுக்குக்கூட வரவில்லை. புழுக்கள் பாதி வளர்ந்திருந்தபோதே உருண்டை தீர்ந்துவிட்டது. அடைப்பைத் திறந்து பார்த்தவளுக்கு வற்றிப்போன தோல்கள்தான் கிடைத்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வாசலுக்கு வெளியே போட்டாள். ஆவாரையின் கிளையிலும் அந்த வருஷம் ஒரு காய் இல்லை.

மறுபடி ஆடி பிறந்தது. உறுமியின் வயிற்றில் முட்டை கனத்தது.

"இந்த ஆடி முடியற வரைக்கும் நீ வராத இரு புள்ள," என்றாள் ஆவாரை. "பையைத் தொறந்து தொறந்து காத்துக்கு வாரிக் குடுக்கறதுக்கு, தொறக்காமயே இருந்துக்கலாம்."

"அதுக்குள்ள எம் முட்டை எறங்கிருங்க்கா. அதைப் பொறுத்துக்கச் சொல்ல முடியுமா?"

"அப்ப என்ன பண்ணப்போற?"

"காத்தையே கேட்டுப் பாக்கறேன்."

ஆவாரை சிரித்தாள். உறுமி சிரிக்கவில்லை. வேலியோரமாகவே பறந்துபோய், ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்து, மேல்காற்றைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கய்யா, நான் பொடி எடுக்கற நேரம் மட்டும் கொஞ்சம் நின்னுக்கறீங்களா?"

"நின்னா நான் காத்தில்லீங்க அம்மிணி," என்றது காற்று. அதன் குரலில் கோபம் இல்லை. "உங்க பொடியைத் திருடோணும்னு நான் வரலை. எல்லாத்தையும் ஒரசிட்டுப் போறதுதான் எம் பொழப்பு. ஒட்டாம இருக்கறது எங்கூட வந்துருது."

உறுமி திரும்பினாள். ஒட்டியிருப்பதைக் காற்றால் எடுக்க முடியாது என்பது மட்டும் அவள் மனதில் நின்றது. அப்படி எது ஒட்டியிருக்கிறது என்று கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காட்டுக் கடைசியில் சுருட்டையன் என்ற குறும்பை ஆட்டுக் கிடாய், காய்ந்த கிளுவை முள்வேலியில் தன் விலாவை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அடர்ந்த கம்பளி மயிர் அவனுக்கு. பக்கத்துக் களத்திலிருந்து கம்பு உமி காற்றில் பறந்து வந்தது. அந்த உமி அவனைத் தாண்டிப் போகாமல், வழியில் திரும்பி அவன் விலாவில் வந்து ஒட்டியது. காற்று எவ்வளவு அடித்தும் அது உதிரவில்லை.

உறுமி வேலிக் கம்பில் இறங்கினாள். "ஏனுங்கண்ணா, அந்த உமி எப்படி உங்க மேல ஒட்டுது?"

"ஒரசறதுனாலதானுங்க அம்மிணி. ஒரசினா எம் மின்னுல கொஞ்சம் வேலிக்குப் போயிருது."

அந்தக் காலத்தில் மின் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிறக்கும் எதற்கும் மண் அதை அளவாகக் கொடுத்து அனுப்பும். எல்லோரிடமும் சரியான அளவில் இருந்ததால், யாரும் யாரையும் இழுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை.

"மின்னு கொறைஞ்சா என்னாகும்?" என்று கேட்டாள் உறுமி.

"மயிரெல்லாம் எந்திரிச்சு நிக்கும். அந்தக் கொறையை நெரப்பிக்கப் பக்கத்துல இருக்கறதை ஒடம்பு இழுக்கும். மின்னு இருக்கறது எதுவா இருந்தாலும் வந்து ஒட்டிக்கும். ஆனா என்ற தம்பியும் ஒரசிட்டு வந்து பக்கத்துல நின்னான்னு வைங்க, அவன் மயிரும் என்ற மயிரும் ஒண்ணையொண்ணு தள்ளும். கொறைபட்டவனுக்கு இன்னொரு கொறைபட்டவன் ஆவாது."

"வலிக்குமுங்களா?"

"வலியில்லைங்க. ஈர மண்ணுல போய்ப் படுத்தா மண்ணு திரும்ப நெரப்பிரும்."

உறுமி தன் மார்பைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் அங்கே மயிர் உண்டு. ஆனால் வேலியில் போய் உரசினால் சிறகு நாராகிவிடும். சிறகு கிழியாமல் அவளை உரசக்கூடியது அந்தக் காட்டில் ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பயந்துதான் வண்டினம் அதுவரை வேலி மறைவிலும் புதர் மறைவிலும் பதுங்கிப் பதுங்கிப் பறந்துகொண்டிருந்தது.

அவள் முன்பு காற்றைக் கூப்பிட்ட பாறையின் உச்சிக்குப் போனாள்.

"ஐயா, என்னைய ஒரசுங்க."

காற்று பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "சிறகு கிழிஞ்சா தெச்சுக் குடுக்க ஆளில்லீங்க. வயித்துல வேற சுமை இருக்குது."

"கிழியாம நான் பாத்துக்கறேன்."

"எடுத்ததைத் திருப்பிக் குடுக்கற பழக்கமும் எனக்கில்லை."

"நான் கேக்க மாட்டேங்க," என்று சொல்லிவிட்டு உறுமி பாறையை விட்டுக் காற்றில் பாய்ந்தாள்.

முதல் அடியிலேயே காற்று அவளைப் புரட்டிப் போட்டது. தரைக்கு ஒரு சாண் மேலே சமாளித்து நிமிர்ந்து, நேர் எதிராக ஏறினாள். முட்டையின் கனம் கீழே இழுத்தது. சிறகின் வேரில் நெருப்பாய் எரிந்தது. கீழே வேலியின் மறைவு தெரிந்துகொண்டேயிருந்தது. அங்கே இறங்கிவிட்டால் எல்லாம் சுகம்தான். அவளுக்குப் போன வருஷத்துத் தோல்களின் நினைவு வந்தது. இறங்கவில்லை. சரிவின் மேல் முனை வரைக்கும் எதிர்காற்றில் போனாள். போகப் போக மார்பு மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. ஏதோ ஒன்று தன்னைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போவது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஆவாரையிடம் வந்தபோது, அவள் இறங்குவதற்கு முன்பே பூ அவள் பக்கம் சாய்ந்தது.

"ஆரோ என்னைய இழுக்கறாங்க உறுமி," என்றாள் ஆவாரை.

"நாந்தான். உங்க காலு மண்ணுல இருக்குதுங்க்கா. மண்ணோட மின்னெல்லாம் உங்ககிட்ட இருக்குது. எங்கிட்டக் கொறையா இருக்குது. நீங்க பையை மட்டும் தொறங்க."

அவள் உறுமினாள். பொடி புகையாக வெளியே வந்தது. வழக்கம்போலக் காற்று அதை அள்ளியது. பொடி கொஞ்சதூரம் காற்றோடு போனது. பிறகு திரும்பியது. திரும்பி வந்து அவள் மார்பிலும் காலிலும் முகத்திலும் அப்பிக்கொண்டது. காற்று சுற்றிச் சுற்றி வந்து உரசிப் பார்த்தது. ஒரு துகள்கூட அதற்குக் கிடைக்கவில்லை.

அடுத்த பூவுக்குப் போனாள். அந்தப் பூவில் பொடியை வாங்கும் சூல்முனையும் மண்ணைச் சேர்ந்ததுதானே. அவளுக்கு மின்னைக் கொடுத்துக் குறைபட்டிருந்த பொடியில் கொஞ்சம் அவள் மார்பிலிருந்து தாவி அங்கே போய் ஒட்டிக்கொண்டது. மீதியைக் காலால் சீவிச் சேர்த்தாள். ஆசை அடங்காமல் முதல் பூவுக்கே திரும்பி வந்தபோது, அது அவள் பக்கம் சாயவில்லை.

"உன்ற கொறையை நெரப்பி இந்தப் பூவு கொறைபட்டுப் போச்சு," என்றாள் ஆவாரை. "மண்ணுல இருந்து மறுபடி ஏறட்டும். அதுவரைக்கும் வேற பூவுக்குப் போ."

மறுநாள் ஒரு சோதனை வந்தது. வழி தவறிய சாரல் ஒன்று காலையில் நெடுங்கரட்டையும் நனைத்துவிட்டுப் போனது. உறுமி நனைந்தபடியே ஆவாரையிடம் வந்து உறுமினாள். பொடி மொத்தமும் காற்றோடு போய்விட்டது. அவள் பூவின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அவ்வளவுதானா? ஒரு நாளைக்குத்தானா?" என்றாள் ஆவாரை.

உறுமிக்குக் கிடாய் சொன்னது புரிந்தது. ஈரம் பட்டால் மின் நிரம்பிவிடும். "ஒரு தடவை பறந்துட்டு ஒக்காந்து திங்கலாம்னு நெனச்சது என்ற தப்புங்க்கா," என்றாள். "இது வெச்சிருக்கற பொருள் இல்ல. ஒவ்வொரு தடவையும் போயி மின்னை எழந்துட்டு வரோணும்." சிறகை உலர்த்திக்கொண்டாள். பாறை வரைக்கும் போகவில்லை. அங்கிருந்தே நேராகக் காற்றில் ஏறினாள்.

ஆடி முழுக்க அவள் அப்படித்தான் பறந்தாள். வேப்பங்கொம்புக்குள் உருண்டைகள் கொண்டைக்கடலைப் பருமனுக்குத் திரண்டன. ஒவ்வொன்றிலும் முட்டையிட்டு அடைத்தாள். ஆவாரையின் கிளைகளில் தட்டைக் காய்கள் சரம் சரமாகத் தொங்கின.

புரட்டாசியில் அடைப்பு உள்ளிருந்தே உடைந்தது. மூத்தவள் முதலில் வெளியே வந்து, வாசலில் நின்று, சிறகை விரித்தாள். காற்று பலமாக இருந்தது. வேலி மறைவு எங்கே என்று உறுமி காட்டவும் இல்லை, மூத்தவள் கேட்கவும் இல்லை; நேராக எதிர்காற்றில் ஏறினாள். மகள் ஏறிய உயரத்தைப் பார்த்து உறுமி நகர்ந்து அடுத்தவளுக்கு வழிவிட்டாள்.

கருவண்டு எதிர்காற்றில் ஏறி வருவதும், அவள் உறுமிய உடனே ஆவாரம்பூப் பொடி தானாகத் தாவி அவள் மார்பில் ஒட்டிக்கொள்வதும், சற்றுமுன் இன்னொரு வண்டு வந்துபோன பூவை அவள் தொடாமலே தாண்டிப் போவதும், அந்த ஆடி தொடங்கித்தான்.