முழு நிமிடம்

எலும்பு முறிவு வார்டில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் தில்லைநாயகி. கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்துவிட்டு, போகிற போக்கில் நோயாளியை நாலு திட்டும் திட்டிவிட்டுப் போவாள். எந்த டாக்டருக்கும் பயந்தவள் இல்லை. பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றல் வந்த பிறகுதான், ஒன்றேகால் கிலோகூட இல்லாத ஓர் உயிர் அவளை ஆட்டிப்படைத்தது.

மாதம் முடியாமல் பிறந்த பிள்ளை. இன்னும் பெயர் வைக்கவில்லை. தாயின் பெயரைச் சேர்த்து முத்துமாரி பாப்பா என்றே எல்லோரும் சொன்னார்கள். அது வேகவேகமாக மூச்சு விடும். திடீரென்று நிறுத்திவிடும். தில்லைநாயகி பொறுக்க மாட்டாள். உடனே உள்ளங்காலில் சுண்டுவாள். பாப்பா பதறி விழித்து, முகம் சிவக்க அழும். அப்பாடா, உயிர் இருக்கிறது என்று இவள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள்.

அன்று காலை எடை பார்த்தார்கள். மூன்று நாளில் அறுபது கிராம் குறைந்திருந்தது.

"பால் சரியாத்தானே போகுது? அப்புறம் ஏன் சிஸ்டர் இளைக்கிறா? பொழைச்சுக்குவாளா?" என்று முத்துமாரி வாசலில் நின்று கேட்டாள்.

தில்லைநாயகி பாப்பாவின் துணியைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டாள். பழைய வார்டுக்கே அனுப்பிவிடுங்கள் என்று யார் காலிலாவது விழலாமா என்றிருந்தது.

பிரிவின் பொறுப்பு நர்ஸ் ஜெபசீலி. தில்லைநாயகியைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனால் இந்த அறைக்குள் அவள்தான் வாத்தியார். அவள் பாப்பாவின் சார்ட்டைப் புரட்டினாள்.

"அக்கா, ஏழு மணிக்கு மூச்சு எண்பத்து நாலுன்னு எழுதியிருக்கீங்க. எட்டு மணிக்கு இருபத்தெட்டு. எப்படி எண்ணினீங்க?"

"பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்கினேன். அங்க அப்படித்தான்."

"இங்க முழு நிமிஷம் எண்ணணும்னு சொன்னேனே."

"எங்க சிஸ்டர் எண்ண விடுது? நடுவுல நிறுத்திடுதே!"

"நிறுத்தினா?"

"சுண்டி எழுப்பிடுவேன்."

"ஒரு டியூட்டியில எத்தனை தடவை?"

தில்லைநாயகி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, "நாப்பது இருக்கும்" என்றாள்.

"நாப்பது தடவை தூக்கத்துல எழுப்பினா, உங்க உடம்புல சதை ஒட்டுமாக்கா?"

சுருக்கென்று தைத்தது. குடித்த பாலையெல்லாம் பிள்ளை அழுதே தீர்த்திருக்கிறது. அடிப்பாவி, நானா இளைக்க வைத்தேன் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"அப்ப அது நிறுத்துற நேரத்துல நான் என்னதான் பண்றது?"

ஜெபசீலி பாப்பாவின் பக்கம் குனிந்தாள். வயிறு தெரியும்படி துணியை விலக்கினாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

"எண்ணுங்க. குறைமாசப் பிள்ளைங்க அஞ்சு பத்து செகண்டு நிறுத்தி நிறுத்தித்தான் மூச்சு விடும். இருபது செகண்டு ஆனாலோ, உதடு நீலம் பாரிச்சாலோ, மூச்சைக் காட்டுற மெஷின் கத்தினாலோ நான் எழுப்புவேன். அது என் பாடு."

தில்லைநாயகி மூச்சை எண்ணினாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. வயிறு அசையாமல் நின்றது.

கை தானாக உள்ளங்காலுக்குப் போனது. ஜெபசீலி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உதட்டைப் பாருங்க. சிவப்பாத்தானே இருக்கு?"

சிவப்பாகத்தான் இருந்தது. அதற்காக மனசு கேட்கிறதா? மூன்று நொடி. ஐந்து. கையை விடுடி, பிள்ளை போய்விடப்போகிறது என்று கத்தத் தோன்றியது. ஏழு. எட்டாவது நொடியில் வயிறு மெல்ல மேலே எழுந்தது. அடுத்தடுத்து நாலைந்து மூச்சு. பாப்பா உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.

தில்லைநாயகிக்குப் புரையேறியதுபோல் இருமல் வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவள்போல் வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். எண்ணிக்கையை மட்டும் விடவில்லை. கடிகார முள் ஒரு சுற்று வந்ததும், "நாப்பத்தாறு" என்றாள். முதுகெல்லாம் வேர்த்து ஒட்டியிருந்தது.

"எழுதிக்கோங்க. நல்ல மூச்சு" என்றாள் ஜெபசீலி.

"கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலையே. சும்மா பார்த்துக்கிட்டு நிக்க எனக்கு வராது சிஸ்டர். அந்த எட்டு செகண்டுல நான் என்ன பண்ணணும்?"

"நீங்க சும்மா எங்க நின்னீங்க? அவ நிறுத்தினதும் கூடவே நீங்களும் நிறுத்திட்டீங்க." ஜெபசீலி பிடித்திருந்த மணிக்கட்டை விட்டாள். "ரெண்டு பேருல ஒருத்தராவது மூச்சு விடணும்லக்கா?"