கிளாரன்ஸ் வாசித்த சோலோ

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் தேட வேண்டாம். ஏகாம்பரத்தின் குரு, பெரம்பூரில் ஒரு மாடி வீட்டில் பியானோ வாசிக்கிற ஷெரில். ஆங்கிலோ இந்தியப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சீடர் குருவை "டீச்சர்" என்பார், குரு சீடரை "அண்ணா" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

ஏகாம்பரம் புதுப்பேட்டை பேண்ட் செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். சிவப்புக் கோட்டு, தங்க நிறப் பித்தான், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், இதுதான் பிழைப்பு. இப்போது ஊர்வலம் என்றால் வண்டி நிறைய ஸ்பீக்கரோடு டிஜே வந்து நிற்கிறான். பேண்ட் செட்டை யார் கூப்பிடுகிறார்கள்?

ஷெரிலின் ஜாஸ் குழுவில் டிரம்பெட் வாசித்தவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் ஏகாம்பரம் ஆசைப்பட்டார். ஆசை என்ன ஆசை, அதை விட்டால் இனி டிரம்பெட்டைப் பரணில் போட வேண்டியதுதான்.

குழு ஞாயிறு சாயங்காலங்களில் ஆழ்வார்பேட்டையில் ஒரு கஃபே மாடியில் வாசிக்கும். வாசலில் பெரிய போஸ்டர். அந்தக் காலத்து மவுண்ட் ரோடு ஓட்டலில் கோட்டும் டையுமாக ஜாஸ் வாசித்தவர்களின் கறுப்பு வெள்ளைப் படம், கீழே 'அன்றைய மெட்ராஸ், இன்றும்' என்று எழுத்து. எல்லாம் கஃபே முதலாளி அரவிந்தனின் ஏற்பாடு.

"பேண்ட் செட்காரரா?" என்று அரவிந்தன் மூக்கைச் சுளித்தார். "சரி, வர்ற ஞாயிறு வாசிக்கட்டும். கேட்டுட்டுச் சொல்றேன். ஒரு சான்ஸ்தான்."

அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

பாட்டு தெரியும். எல்லாரும் சேர்ந்து ஊதினால் அவரும் ஊதிவிடுவார். பயமெல்லாம் சோலோவில். மற்றவர்கள் அடங்கி வழிவிட, ஒரே ஒரு ஆள் முன்னால் வந்து, எங்கேயும் எழுதி வைக்காத ஒன்றை அப்போதே உண்டாக்கி வாசிக்க வேண்டுமாம். பேண்ட் செட்டில் இந்த மாதிரி அநியாயமெல்லாம் கிடையாது.

"டீச்சர், சோலோவுல நான் இன்னா வாசிக்கணும்? அதை மட்டும் சொல்லிடுங்க."

ஷெரில் பியானோவில் நாலு சுரம் தட்டினாள். தட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி டீச்சர். நான் இன்னா வாசிக்கணும்?"

வேறு நாலு சுரம் தட்டினாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

ஏகாம்பரம் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். பிறகு எழுந்து டீ போடப் போய்விட்டாள்.

மறுநாளும் இதே கூத்து. கேட்பார், தட்டுவாள், பார்ப்பாள். டீ மட்டும் நன்றாக இருந்தது.

'வித்தையை ஒளிக்குது இந்தப் பொண்ணு' என்று ஏகாம்பரம் முடிவு கட்டினார். ஊர்வலத்தில் ஊதுகிறவனுக்கு இது எதற்கு என்று நினைக்கிறாள்போல. நெஞ்சு எரிந்தது. எரிந்து என்ன செய்ய? ஞாயிறு வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்தப் பழைய பதிவு ஞாபகம் வந்தது. முதல் வகுப்பிலேயே ஷெரில் அவர் போனில் ஏற்றிக் கொடுத்தது.

"மவுண்ட் ரோட்டுல ஒரு ஓட்டல்ல டேப்ல பிடிச்சது அண்ணா. கிளாரன்ஸ் அங்கிள் டிரம்பெட், நோயல் அங்கிள் பியானோ. ரெண்டு பேரும் இப்ப இல்ல. நம்ம வாசிக்கிற அதே பாட்டுதான். சும்மா கேளுங்க."

சும்மா கேட்கச் சொன்னதை ஏகாம்பரம் மனப்பாடம் பண்ணினார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டிரம்பெட் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, கிளாரன்ஸ் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, இழுத்த இடத்தில் இழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் முழு சோலோவும் விரலில் ஏறிவிட்டது. டீச்சரிடம் மூச்சு விடவில்லை. திருடின பண்டத்தை மடியில் கட்டிக்கொண்டவர் மாதிரி இரண்டு நாள் திரிந்தார்.

ஞாயிறு வந்தே விட்டது.

கஃபே நிறைந்திருந்தது. பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரவிந்தன் முன் மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரத்துக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டிரம்பெட் ஊதுகிறவனுக்கு நாக்கு ஒட்டினால் என்ன கதி? தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு கனத்ததுதான் மிச்சம்.

பாட்டு ஆரம்பித்தது. எல்லாரும் சேர்ந்து ஒரு ரவுண்டு. பிறகு ஷெரில் கீபோர்டிலிருந்து தலையசைத்தாள். சோலோ.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு கிளாரன்ஸை அவிழ்த்துவிட்டார்.

அடேயப்பா! அறை நிமிர்ந்தது. நாலைந்து பேர் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். அரவிந்தன் கட்டியிருந்த கையைப் பிரித்தார். ஏகாம்பரத்துக்கே உடம்பு சிலிர்த்தது. ஜெயிச்சுட்டோம் என்று நினைத்த நேரத்தில் காதில் ஏதோ குறைந்தது.

கீபோர்டு இல்லை.

கண்ணைத் திறந்தார். ஷெரில் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெரிஞ்சுபோச்சு, என்று நினைத்தார். டிரம்ஸும் பேஸ் கிடாரும் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் கிளாரன்ஸின் அடுத்த வரியை ஊதினார். பதிவில் அந்த வரிக்கு அப்புறம் பியானோ வரும். இங்கே வரவில்லை. வெறும் இடம். அதற்கடுத்த வரி, மறுபடியும் வெறும் இடம். வெறும் இடம் வர வர, மனப்பாடம் கையை விட்டு வழுக்கியது. அடுத்தது என்ன? எது? ஏகாம்பரம் நின்றுவிட்டார்.

டிரம்பெட் உதட்டில் இருக்கிறது, காற்று வரவில்லை. அரவிந்தனின் கை மறுபடியும் கட்டிக்கொண்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்களா, வேறு எதற்கோ சிரித்தார்களா, யாருக்குத் தெரியும்? ஓடிவிடலாம் என்று படிக்கட்டைக்கூட ஒரு தரம் பார்த்தார்.

அப்போது ஷெரில் நாலு சுரம் தட்டினாள். தட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

வேறு போக்கிடம் இல்லை. பயத்திலேயே ஏதோ ஒன்றை ஊதினார். கோணலாக, சின்னதாக. அதற்கு ஷெரில் உடனே கீபோர்டில் ஒன்று சொன்னாள். அவர் அதற்கு ஒன்று. சுருதி நடுங்கியது, ஒரு இடத்தில் பிசிறு தட்டியது. அவள் புருவத்தை உயர்த்தி இன்னொன்று கேட்டாள். அவர் அதற்கும் சொன்னார், இந்த முறை கொஞ்சம் கோபமாகவே. அவள் கீபோர்டு மேல் குனிந்து சிரித்துவிட்டாள். அப்படியே ரவுண்டு முடிந்தது. கைதட்டல் ஏதோ இருந்தது.

எல்லாம் முடிந்ததும் அரவிந்தன் வந்து தோளைத் தட்டினார்.

"முதல்ல வாசிச்சீங்களே, அது! கண்ணை மூடினா அப்படியே பழைய மெட்ராஸ். பின்னாடிதான் தடுமாறிட்டீங்க. அது வேணாம். அந்த முதல் பாதியையே முழுசா வாசிங்க, வாரா வாரம் அதையே வாசிங்க. ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க. அப்படின்னா அடுத்த ஞாயிறுலேர்ந்து நீங்கதான்."

அவர் போய்விட்டார். ஏகாம்பரத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஷெரில் தரையில் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இடம் கிடைச்சிடுச்சு."

"கேட்டேன் அண்ணா. சந்தோஷம்."

"ஏன் டீச்சர் கையை எடுத்தீங்க? எனக்கு உசுரே போயிடுச்சு. திருடி வாசிச்சேன்னு கோவமா?"

"கோபமா? எதுக்கு? அருமையா வாசிச்சீங்க. கிளாரன்ஸ் அங்கிளே வந்த மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் இன்னா?"

"அங்கிள் அன்னிக்கு நோயல் அங்கிளுக்குப் பதில் சொல்லிட்டிருந்தார். பெரியவங்க ரெண்டு பேர் பேசிட்டிருக்கும்போது நடுவுல நான் என்ன பேசறது?"

ஏகாம்பரம் டிரம்பெட்டின் எச்சில் தண்ணீரை வடித்துவிட்டார்.

"அதையேதான் வாசிக்கணும்ன்றாரு டீச்சர். இல்லாங்காட்டி இடம் இல்ல."

"நல்ல இடம் அண்ணா. விட்டுடாதீங்கன்னுதான் யாரும் சொல்லுவாங்க."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

ஷெரில் கீபோர்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"கிளாரன்ஸ் அங்கிள் வர்றதா இருந்தா, அவருக்கு நோயல் அங்கிள் போதும். நீங்க வர்றதா இருந்தா போன் பண்ணுங்க அண்ணா, நான் வர்றேன்."