புகைபோக்கிக்குப் பின்பக்கம்

கோத்தகிரிப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் தில்லைநாயகியைக் கூப்பிடுவார்கள். கூரையில் ஏறிப் பார்த்து, இருக்கிற குறையை எழுதிக் கொடுப்பது அவள் தொழில். அவளிடம் வேலை கற்க வந்தவர் சவரிராஜ். லாரி ஓட்டியது போதும் என்று விட்டவர். வயதில் அவளுக்குப் பத்து வருடம் மூத்தவர். ஆனாலும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஆடி மழையில் ஒரு வீட்டுக் கூரை ஒழுகியது. ஊறிப்போன மச்சுப் பலகை ஒன்று கட்டிலில் விழுந்து, படுத்திருந்த பெரியவரின் தோள்பட்டை முறிந்தது. நாலு மாதம் முன்பு அந்தக் கூரைக்குக் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் சவரிராஜ்.

மறுவாரம் அவர் தன் டார்ச்சைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"இனிமே நான் வரல டீச்சர். எனக்கு இதுக்கான கண்ணு இல்ல."

தில்லைநாயகி டார்ச்சைத் தொடவில்லை.

"ஏணியை எடுங்கண்ணே," என்றாள்.

அந்த வீட்டுக்கே போனார்கள். பெரியவரின் மகள் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

அது ஷிங்கிள் கூரை. தார் பூசிய பட்டைகளை மீன் செதில்போல அடுக்கி ஆணியடித்திருந்தது. ஒழுகிய இடத்தில் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். சவரிராஜ் ஏறி, பாயை ஒதுக்கி, குந்தியபடியே ஒவ்வொரு பட்டையாக அழுத்திப் பார்த்துக்கொண்டு போனார். புகைபோக்கிக்குப் பின்பக்கம் ஒரு பட்டை தாள்போலக் கையோடு பெயர்ந்து வந்தது. ஆணி துருவேறி இற்றிருந்தது. அடிப்பலகையில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"கிடைச்சுதா?" தில்லைநாயகி கீழிருந்து கேட்டாள்.

"கிடைச்சுது."

"அன்னிக்கு ஏன் தெரியல?"

"அன்னிக்கு இது அஞ்சாவது வீடு. முழங்கால் விண்ணுவிண்ணுன்னு தெறிச்சுது. முன்பக்கம் நல்லா இருந்துச்சு. பின்னாடியும் அப்படித்தான் இருக்கும்னு இறங்கிட்டேன்."

வாசலில் நின்ற மகள் காதிலும் அது விழுந்தது. இறங்கி வந்தவர் அவள் முன்னால் போய் நின்றார்.

"நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லம்மா. பார்த்ததா எழுதிட்டேன்."



"அப்பாகிட்டயும் சொல்லிட்டுப் போங்க," என்று வழிவிட்டாள்.

உள்ளே போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்ததும் வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் அலுப்பா இருக்கும்ல டீச்சர்?"

"தினமும்."

"அந்த அலுப்புலயும் தப்பு விடாத கண்ணு எப்ப வந்துச்சு உங்களுக்கு?"

தில்லைநாயகியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"வரலண்ணே. முடியாத அன்னிக்கு, பின்பக்கம் பார்க்கலைன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவேன்."