இடக்கைச் சந்தனம்

நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தவர் ஆவுடையம்மையார். வெள்ளிதோறும் விடியுமுன் குளித்து, தெருமுனை முப்பிடாதி அம்மனின் மேனியில் பூசும் காப்புக்குச் சந்தனம் இழைப்பார். விரலிடையே தேய்த்துப் பார்ப்பார். மசியாத திப்பி தட்டினால் மறுபடியும் இழைப்பார். இருபது ஆண்டுகளாக இதுவே அவர் பூசை.

அந்த விரல்கள்தாம் ஒருநாள் வலது மார்பில் ஒரு தடிப்பைக் கண்டன. கட்டி இல்லை, சதை மட்டும் கெட்டிப்பட்டிருந்தது.

"கல்லுல இழைக்கிற கைல்லா, நரம்பு புடிச்சிருக்கும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஆஸ்பத்திரியில் முதலில் எடுத்த படத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அம்மையார் மீண்டும் போய் நின்றார். "திப்பி இருக்குன்னு என் வெரலு சொல்லுது டாக்டரம்மா."

சதையை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டியாகத் திரளாமல், பால்சுரப்பியில் தொடங்கி இழையிழையாகப் பரவும் வகை அது.

மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றியதில் முடி கொட்டியது, சோறு கசந்தது. பிறகு தினம் ஒரு மாத்திரை, பல வருடங்களுக்கு. அது விரல் மூட்டுகளை இறுக்கியது. அறுவை செய்த பக்கம் என்பதால் வலக்கை வீங்கியது. அந்தக் கையை அழுத்தி வேலை செய்யக் கூடாது என்றார்கள்.

அம்மையார் இடக்கையால் இழைத்துப் பழகினார். நாலு இழைப்புக்கு ஒருமுறை சுவரில் சாய்ந்து கண்மூடுவார். பிறகு மறுபடி தொடங்குவார்.

ஆடி முதல் வெள்ளியன்று சந்தனச் சிரட்டையோடு கோயிலுக்குப் போனார். நிர்வாகியின் மனைவி சண்முகத்தாய் மறித்தார்.

"பீச்சாங்கையால இழைச்சதையா தாயிக்குப் பூசச் சொல்லுதீக? நல்லாருக்கே கூத்து! கடையில பொடி வாங்கியாச்சு."

"அவளுக்குன்னு இழைச்சது தாயி. வேற எங்க கொண்டு போவேன்?" என்று சிரட்டையைப் படியில் வைத்து ஒதுங்கி நின்றார் அம்மையார்.

பூசாரி மாசாணம் கடைப்பொடியைக் குழைத்துப் பூசினார். முகத்தில் பிடித்தது, கைகளில் பிடித்தது. அம்மனின் வலது மார்பில் மட்டும் வெடித்து உதிர்ந்தது. மறுபடி பூசினார், மறுபடியும் உதிர்ந்தது. மூன்றாம் முறையும் உதிர்ந்தது.

மாசாணம் யாரையும் கேட்கவில்லை. படியிலிருந்த சிரட்டையை எடுத்து, அந்த இடத்தில் பூசினார். ஒரு கீறல் விழவில்லை.

"அத்தை, நின்னுட்டு!" என்றார் அம்மையாரைப் பார்த்து.

"நிக்கட்டும்யா. நான் கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன்."

சண்முகத்தாயே ஓடிப்போய்ப் பாய் கொண்டுவந்து விரித்தார். வீங்கிய கையை மடியில் வைத்தபடி அம்மையார் தூணில் சாய்ந்தார்.

தாம் இழந்த இடத்திலேயே தாயை அலங்கரித்த அந்த அயர்ந்த இடக்கை வாழ்க!