மழவராயர் எழுதிய ஓலைகள்

ஐப்பசி ஒன்பதாம் நாள், விடிந்து இரண்டு நாழிகை, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கருவூல அமைச்சர் மழவராயரின் வாசலில் நின்றார்கள். மழை கொட்டியது. எல்லோரும் வெள்ளளத்து உப்பளத் தொழிலாளர்கள்.

அவர்களை வரவழைத்தவர் மழவராயரேதான்.

மழை பிடித்தால் அளத்தில் தண்ணீர் நிற்கும். மூன்று மாதம் உப்பு விளையாது. அந்த மூன்று மாதமும் அரண்மனையிலிருந்து தலைக்குத் தினம் அரைப்படி அரிசி அளப்பது வழக்கம். இந்த ஆண்டு மழவராயர் சபையில் எழுந்து, "போதும்" என்றார்.

"அரசே, இந்த ஊரிலேயே அதிக வரி கட்டுகிறவன் நான். வரி கட்டுகிறவர்கள் சார்பில் கேட்கிறேன். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு அரிசி? இவர்களில் பாதிப் பேர் சோம்பேறிகள். தினமும் வீடு தேடிப் போய் வேலை கேட்கட்டும். வேலை இல்லை என்று எழுதி வாங்கி வருபவனுக்கு மட்டும் அரிசி."

அரசர் செம்பியராயருக்கு யோசனை பிடித்துவிட்டது. ஆணை எழுதும் வேழநம்பியைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடம் ஓலையைப் பிடித்து எழுத்தாணிக்கு முட்டுக் கொடுத்ததில் வேழநம்பியின் இடது கட்டைவிரல் நகத்தில் வாய்க்கால் போல ஒரு தடம் விழுந்திருந்தது.

"நல்ல யோசனைதான், அரசே. ஆனால் யார் எழுதித் தருவது? சின்ன வியாபாரி காசு வாங்கிக்கொண்டு பொய்யாக எழுதிவிடுவானே."

"என் வீட்டுக்கு வரட்டும்!" என்றார் மழவராயர். "நானே எழுதுகிறேன்."

"கணக்கரை வைத்து..."

"கணக்கரும் காசு வாங்குவான். என் கையால் எழுதினால்தான் செல்லும்."

"காரணத்தோடா?"

"காரணத்தோடு!"

"தினமுமா, ஐயா?"

"தினமும்தான். நேற்று வேலை இல்லாதவனுக்கு இன்று கிடைத்திருக்கலாமே. நிழலில் உட்கார்ந்து நாலு வரி கீறுவது ஒரு வேலையா, வேழநம்பி?"

வேழநம்பி அவர் சொன்னதைச் சொன்னபடியே ஆணையாக எழுதி, அரசரிடம் முத்திரை வாங்கினான்.

முதல் நாள் மழவராயர் உற்சாகமாகத்தான் உட்கார்ந்தார். சோம்பேறிகளை அம்பலப்படுத்த ஒரு திட்டமும் வைத்திருந்தார். முதலில் வந்த பதினோரு பேரிடம், "வேலை இருக்கிறது. முற்றத்தைக் கூட்டுங்கள்" என்றார். ஓடிவிடுவார்கள் என்று நினைத்தார்.

அவர் ஓலையை நறுக்கி முடிப்பதற்குள் பதினோரு பேரும் திரும்பி வந்தார்கள்.

"முடிஞ்சுது எசமான். அடுத்த வேலை?"

பின்னாலேயே அவர் வீட்டு வேலைக்காரன் அழுதுகொண்டு வந்தான். "இருபது வருசமா கூட்டுறேன் ஐயா. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

திட்டம் அத்தோடு சரி. பன்னிரண்டாவதாக மாடத்தி என்ற பெண் வந்தாள்.

"என்ன வேலை தெரியும்?" என்றார் மழவராயர்.

"உப்பு வாரத் தெரியும் எசமான்."

"இந்த மழையில் உப்பு ஏது?"

"அதத்தான் எசமான் நாங்களும் சொன்னோம்."

மழவராயர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. எழுதினார்: 'மழை. அளத்தில் தண்ணீர். வேலை இல்லை.'

"வரி கட்டுறவங்க காசுன்னு சபையில சொன்னீகளாமே. ஒம்பது மாசம் உப்பு வரி வருதே, அது யாரு முதுகுல ஏறி வருது?"

"அடுத்த ஆள்!" என்று கத்தினார் மழவராயர்.

நூற்று நாற்பதாவது ஓலையில் கட்டைவிரலில் கொப்புளம் கிளம்பியது. இருநூறில் மணிக்கட்டு வீங்கியது. மதியச் சாப்பாடு ஆறிப் போயிற்று. கடைசி ஓலையை முடித்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

மறுநாள் காலையும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அன்று விரல் ஓடவில்லை. விளக்கு வைத்து, அரண்மனைக் களஞ்சியம் சாத்தும் நேரம் வந்தும் நாற்பது பேர் பாக்கி. மாடத்தியும் அதில் இருந்தாள்.

"சீக்கிரம் எசமான். உலை வெச்சுட்டு வந்திருக்கேன். புள்ளைங்க அடுப்பையே பாத்துக்கிட்டு இருக்கும்."

"எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்!"

களஞ்சிய மணி அடித்தது. மாடத்தி மழையில் இறங்கி நடந்தாள். மழவராயருக்கு அன்றும் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. சாப்பிடத்தான் முடியவில்லை.

மூன்றாம் நாள் அவர் கையில் துணி சுற்றிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார். அங்கே வேழநம்பி, களஞ்சியத்தில் சேர்ந்திருந்த முதல் நாள் ஓலைகளை அரசர் முன்னால் குவித்து வைத்திருந்தான்.

"படி" என்றார் அரசர்.

"மழை. அளத்தில் தண்ணீர். வேலை இல்லை."

"அடுத்தது?"

"மழை. அளத்தில் தண்ணீர். வேலை இல்லை."

"எல்லாமே இப்படித்தானா?"

"நூறுக்கு மேல் எழுத்து கொஞ்சம் கோணலாகிறது, அரசே. மற்றபடி இதுதான். சோம்பேறி என்று ஒரு ஓலையிலும் இல்லை. எழுதியவர் காசு வாங்குகிறவரும் இல்லை."

அரசர் திரும்பினார். "மழவராயரே, உம்முடைய ஒருநாள் சம்பளத்துக்கு எவ்வளவு அரிசி வரும்?"

மழவராயர் தரையைப் பார்த்தார். "நானூறு பேருக்கு வரும், அரசே."

"அந்த நானூறு பேர் அரிசியைத் தினமும் ஓலை கீறுவதில் செலவழித்து, நாற்பது பேரைப் பட்டினி போட்டிருக்கிறீர். நாளையும் எழுதுவீரா?"

"அரசே, ஆணையை எடுத்துவிடுங்கள். அரிசி இப்போதே போகட்டும். அந்த நாற்பது பேருக்கு நேற்றையதும் சேர்த்து."

"வரி கட்டுகிறவர்கள் சார்பில் பேசினீரே, அவர்கள் என்ன சொல்வார்கள்?"

மழவராயர் துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினார். "அரிசியே மலிவு என்கிறார்கள், அரசே."

செம்பியராயர் சிரித்த சிரிப்பில் சாமரம் வீசுகிறவள் கை நின்றுபோனது. வேழநம்பிக்குப் பொன் எழுத்தாணி ஒன்று பரிசு என்று அறிவித்தார்.

"அமைச்சருக்கே கொடுங்கள், அரசே" என்றான் வேழநம்பி. "கை இப்போதுதான் பழகியிருக்கிறது."

அடுத்த ஆண்டு ஐப்பசி ஐந்தாம் நாள் மழை பிடித்தது. ஆறாம் நாள் காலை முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அரிசி அளக்கப்பட்டது. யாரும் எதுவும் எழுதவில்லை.