பாடத்துக்குக் கீழே மிச்ச இடம்

உடம்பெல்லாம் மேடு. ஏறிக் கடக்க ஒரு விரல் போதும். விளக்கில்லாமல் படிக்கலாம், போர்வைக்குள் ஒளித்து வைத்தும் படிக்கலாம். அது என்ன?

விடை தெரிந்தவர்கள் சற்று வாயை மூடிக்கொண்டிருங்கள். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன்: பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புத்தகம். இந்த விடுகதையே அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தில்தான் இருந்தது. எட்டாம் வகுப்புப் புவியியல், முதல் பாடத்தின் கடைசியில்.

எழுதியவர் ஜெபமணி டீச்சர். அவருக்கும் பார்வை கிடையாது. தெற்கே ஓர் ஊரில், பார்வையற்ற பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி அது. ஒருவர் பாடப் புத்தகத்தை வாசிக்க வாசிக்க, டீச்சர் அதைப் பிரெயிலில் எழுதுவார். தடித்த தாளைச் சட்டத்தில் பொருத்தி, ஆணி போன்ற கருவியால் புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டும். ஒரு புத்தகம் முடிய ஐந்து மாதம் ஆகும். பாடம் முடிந்து பக்கத்தில் இடம் மிஞ்சினால், அங்கே ஒரு விடுகதையைப் போட்டுவிடுவார். தாளை வீணாக்க அவருக்கு மனம் வராது.

எட்டாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். புவியியல் புத்தகம் ஒன்று.

அந்தப் பதினொரு பேரில் பவளக்கொடி என்பவள் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“டீச்சர், புஸ்தகத்தை ஊருக்குக் கொண்டு போகட்டா?”

“மத்த பத்துப் பேரு?”

“பத்திரமா திருப்பிக் கொண்டாந்துருவேன். லீவு பூரா விரல் சும்மா கெடக்கு டீச்சர். உனக்குத்தான் புஸ்தகமே கெடையாதேன்னு எந்தம்பி வேற கேலி பண்ணுதான்.”

“பஸ்ஸுல தொலைஞ்சா இன்னும் அஞ்சு மாசம். போ பிள்ளை.”

கம்ப்யூட்டர் என்றால் ஒரு கூடம் நிறைய நிற்கும் இயந்திரம் என்றிருந்த காலம் அது. அப்படி ஓர் இயந்திரம் இருந்த பொறியியல் கல்லூரியில் திருவேங்கடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். துளையிட்ட அட்டைகளில் பாடத்தை ஏற்றிக் கொடுத்தால், இயந்திரமே அதைப் பிரெயிலில் குத்தித் தர வேண்டும். ஒரு முறை அட்டைகள் தயாராகிவிட்டால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்காக அவன் இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் ரயிலேறி வந்து, ஜெபமணி டீச்சரிடம் மாணவனாக இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை போகும் போக்கைப் பார்த்து, எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொள்வான்.

“விரல்ல படிச்சுப் பழகு தம்பி” என்பார் டீச்சர்.

“அதுக்கு ரொம்ப நாளாகும் டீச்சர். நீங்க எழுதறது தெரிஞ்சா எனக்குப் போதும்.”

டிசம்பர் மாதம். அரையாண்டு விடுமுறைக்கு ஒரு வாரமே இருந்தது. எட்டாம் வகுப்புப் புவியியல் முழுவதையும் அட்டைகளில் ஏற்றி, இயந்திரம் குத்திய முதல் தாளை எடுத்துக்கொண்டு திருவேங்கடம் வந்தான். வெகு நாளாகத் தொண்டையில் நின்றிருந்த கேள்வியையும் அன்றுதான் கேட்டான்.

“டீச்சர், இது சரியா வந்துட்டா உங்க வேலை என்ன ஆகும்?”

“முதல்ல வரட்டும். தா.”

டீச்சரின் விரல் முதல் வரியில் போனது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடி போனது. பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். தாள் மடியிலிருந்து கீழே விழும்வரை சிரித்தார்.

“என்ன டீச்சர்?”

“‘இ’ இருக்க வேண்டிய எடத்துல எல்லாம் ‘ஏ’ நிக்குது. வரி வாலுல தொடங்கித் தலையில முடியுது. இமயமலை தலைகீழா கெடக்கு தம்பி!”

நடந்தது இதுதான். பிரெயிலைக் கையால் எழுதுகிறவர் தாளின் பின்பக்கத்திலிருந்து குத்துகிறார். மேடு மறுபக்கத்தில் எழும்பும். அதனால் எல்லாவற்றையும் இடம்வலம் மாற்றி, வலப்பக்கமிருந்து எழுத வேண்டும். தாளைத் திருப்பினால் சரியாகிவிடும். இயந்திரமோ அடியிலிருந்து மேல்நோக்கிக் குத்தியது. அதற்கு மாற்றி எழுத வேண்டிய தேவையே இல்லை. திருவேங்கடம் டீச்சரின் கையைப் பார்த்தே கற்றவன். கை செய்ததை அப்படியே இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். கண்ணால் ஒப்பிட்டும் பார்த்திருந்தான். டீச்சர் எழுதும் பக்கத்தோடு அது புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது.

அவன் தலை குனிந்தான். ஆனால் உள்ளே கொஞ்சம் பாரம் குறைந்தது போலவும் இருந்தது.

“நல்லதாப் போச்சு. இதை இத்தோட விட்டுடறேன் டீச்சர். உங்க இடத்தை எடுத்துக்க எனக்கு மனசு வரலை.”

டீச்சர் எழுந்தார். அவன் கையைப் பிடித்துப் படிப்புக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு நீள பெஞ்சில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் முனையில் மேசை. மேசை மேல் அந்த ஒற்றைப் புத்தகம்.

“பிள்ளைகளா, இந்த அண்ணனும் படிக்கணுமாம். பன்னெண்டாவது ஆளு. கண்ணை மூடிக்கோ தம்பி. ஒன் முறை வரும்போது எந்திரிச்சுப் போய்ப் படி.”

ஆளுக்குப் பத்து நிமிடம். திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டான்.

“அண்ணே, தொறக்காதீங்க” என்றது பக்கத்துக் குரல். பவளக்கொடி.

“தொறக்கலையே!”

“இப்பத் தொறந்தீங்க. புது ஆளு எல்லாரும் தொறப்பாங்க.”

அவன் நிஜமாகவே திறந்திருந்தான். மறுபடி மூடினான். ஒரு விரல் தாளில் ஊர்ந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். எல்லாரும் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரோ, “ஏட்டி, ஒன் நேரம் முடிஞ்சிட்டு” என்றாள். “ஒரே ஒரு வரி” என்றாள் இன்னொருத்தி. ஆறு பேர் படித்து முடித்தபோது மணி அடித்தது. அவன் முறை வரவில்லை. பவளக்கொடியின் முறையும் வரவில்லை.

வெளியே வந்ததும் அவன் கேட்டான்.

“உங்க வேலை என்ன ஆகும்னு கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே டீச்சர்?”

“ரெண்டு வருஷமா யாரு கையைப் பாத்தே?”

“உங்க கையை.”

“இப்ப ஒரு மணி நேரமா எதுக்குக் காத்துக் கெடந்தே?”

“என் முறைக்கு. வரவே இல்ல.”

அடுத்த ரயிலில் திரும்பிப் போனான். துளையிட்ட அட்டைகள் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தால், பாட அட்டைகள் ஒன்றைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று சொல்லும் சில அட்டைகளையும், வரியைத் திருப்பிப் போடும் இரண்டு அட்டைகளையும் மாற்றினால் போதும். புதன்கிழமை பிற்பகல் இயந்திரத்தில் அவனுக்கு நேரம் கிடைத்தது. இந்த முறை, பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த டீச்சரின் தாள் ஒன்றைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தான். பிறகு இயந்திரத்தின் தாளைத் தடவிப் பார்த்தான். நான்கு எழுத்து படிக்க அவனுக்கு நெடுநேரம் ஆயிற்று. இ, ம, ய, ம.

விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை காலை பதினொரு புத்தகங்கள் சாக்கில் வந்து இறங்கின.

டீச்சர் ஒன்றை எடுத்தார். விரல் ஓடியது. எங்கும் நிற்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார். அதிலும் ஓடியது.

“படிக்குது தம்பி. நல்லாப் படிக்குது.”

“அப்ப இனிமே உங்களுக்கு என்ன வேலை டீச்சர்?”

“விடமாட்டியே நீ” என்றார் டீச்சர். “ஏ பவளம்! இங்க வா.”

பவளக்கொடி பையும் கையுமாக வந்தாள். அவளுடைய அப்பா வாசலில் காத்திருந்தார். டீச்சர் பழைய புத்தகத்தையும் புதியதில் ஒன்றையும் அருகருகே வைத்தார்.

“ரெண்டுல ஒண்ணு ஒனக்கு. ஊருக்குக் கொண்டு போலாம்.”

“மத்த பத்துப் பேரு?”

“அவங்களுக்கும் இருக்கு.”

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு இரண்டையும் புரட்டித் தடவினாள்.

“டீச்சர், புதுசுல விடுகதை இல்ல.”

திருவேங்கடத்தின் முகம் வாடியது. “அது பாடத்துல இல்லையேம்மா. நான் பாடத்தை மட்டுந்தான் ஏத்தினேன்.”

“அப்ப எது வேணும் ஒனக்கு? பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார் டீச்சர்.

“பழசுல உள்ள விடுகதைக்கெல்லாம் எனக்கு விடை தெரியும். இதுல எடம் காலியா கெடக்கு. வேற போட்டுக் குடுங்க.”

“இப்ப ஒண்ணு போடுதேன். மிச்சம் லீவு முடிஞ்சு வந்து வாங்கிக்கோ.”

“சரி. ஆனா எல்லாருக்கும் ஒண்ணையே போட்டுராதீங்க டீச்சர். ஒருத்திக்கு ஒருத்தி கேக்கணும்லா.”

டீச்சர் சட்டத்தையும் ஆணியையும் எடுத்தார். விஷயம் எப்படித்தான் பரவியதோ, மீதிப் பத்துப் பேரும் தங்கள் தங்கள் புத்தகத்தோடு பின்னால் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்.

“ஏதோ கேட்டியே தம்பி?” என்றார் டீச்சர், தாளைப் பொருத்திக்கொண்டே.

“ஒண்ணுமில்ல டீச்சர்.”

பவளக்கொடி புதிய புத்தகத்தை ஊருக்கு எடுத்துப் போனாள்.